குறிஞ்சியும் குருவியும்: சாந்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேலை வந்து நிற்கும். பெரியவள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். இப்போதுதான் வீடு கொஞ்சம் அடங்கியிருக்கிறது, அதுவும் குழந்தை தூங்கும் நேரத்தில் மட்டும். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாடி ஏறுவதைக் குறைத்தாயா இல்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியிருந்த ஒரு வரி என்னை விடவே இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சியைக் காப்பாற்று என்றால் புரிகிறது, தெருவுக்குத் தெரு கிடக்கிற சிட்டுக்குருவிக்கு எதற்கு ஒரு தினம், ஒரு கூட்டம், ஒரு மரப்பெட்டி என்று கேட்டிருந்தாய். அதே கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீயே எழுதுகிறாய், உங்கள் அடுக்குமாடிப் பக்கம் குருவிச் சத்தம் கேட்டே பல வருஷம் ஆகிறது, எல்லாம் செல்போன் டவர் செய்த வேலை என்று. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறாய், பார்த்தாயா! தெருவுக்குத் தெரு இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்று உன் தெருவில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் குறிஞ்சி. அதை அபூர்வம் என்கிறோம். எந்த விதத்தில் அபூர்வம்? 2006-இல் மூணாறு பக்கம் ராஜமலையில் நான் பார்த்தபோது சரிவு முழுக்க ஒரே நீலம், எண்ணவே முடியாது, ஒரு குன்றிலேயே லட்சக்கணக்கில் இருந்திருக்கும். தனிப்பூவை எடுத்துப் பார்த்தால் பெரிய அழகு என்று சொல்லிவிட முடியாது. சின்ன மணி மாதிரி, வெளிர்நீலத்தில், வாடும் நேரத்தில் ஊதா ஏறிப்போய், மணமும் அப்படி ஒன்றும் இல்லாமல் இருக்கும். அத்தனையும் சேர்ந்து பூக்கும்போதுதான் அந்த மலையே வேறாகிறது. அப்புறம், பூக்காத வருஷங்களில் செடி எங்கேயும் போய்விடுவதில்லை. டாப் ஸ்டேஷன் பக்கம் அப்படி ஒரு வருஷத்தில் நடந்தபோது, முழங்கால் உயரத்துக்குப் புதர் புதராக நின்றுகொண்டிருந்தது, பல் பல்லாக ஓரம் வெட்டிய இலையும் அதில் ஆழமாக ஓடும் நரம்புமாக. மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அந்தப் புதர்களுக்கு நடுவிலேயே நின்றுகொண்டு, "குறிஞ்சி எந்தப் பக்கம் இருக்குங்க?" என்று என்னிடம் கேட்டது. காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "இதுவா?" என்று அந்தப் பெண் நம்பாமல் கேட்டாள்.

அதாவது குறிஞ்சியின் அபூர்வம் காலத்தில்தான் இருக்கிறது. 1994, 2006, 2018, அடுத்து 2030. ஒரு செடி முளைத்து, பன்னிரண்டு மழைக்காலம் பார்த்து, ஒரே ஒரு முறை பூத்து, விதை முற்றியதும் காய்ந்து செத்துப்போகும். அந்த இனத்துச் செடிகள் மலை முழுக்க ஒரே பருவத்தில் இதைச் செய்கின்றன. ஏன் என்பதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் காரணங்களில் எனக்கு மனதுக்கு ஒட்டியது இதுதான்: வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக விதை போட்டால் தின்னிகள் அத்தனையையும் தின்று தீர்த்துவிடும், பல வருஷம் ஒன்றும் கொடுக்காமல் இருந்துவிட்டு ஒரே வருஷத்தில் கொட்டினால், எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். மூங்கில் பூப்பதிலும் இதே கணக்கு இருக்கிறது. தேனீக்களுக்கும் அந்த ஒரு பருவத்தில் வேறு பூ தேட வேண்டிய அவசியமே இருக்காது, ஒரே இனத்துப் பூவாகக் கிடைப்பதால் மகரந்தம் தவறாமல் சரியான இடத்துக்குப் போய்ச் சேரும். ஆக இது அரிதாக இருந்து பிழைக்கிற செடி என்று நினைத்துவிடாதே, கூட்டம்தான் இதன் பலம். ஒரு குன்றில் பத்துச் செடி மட்டும் மிஞ்சி, அவை அழகாகப் பூத்தாலும், இந்தக் கணக்கு வேலை செய்யாது.

(வாட்ஸப்பில் வருஷா வருஷம் "குறிஞ்சி பூத்துவிட்டது" என்று படம் வருகிறதே, அது பெரும்பாலும் வேறு குறிஞ்சி. அந்தப் பேரினத்தில் இந்தியாவில் மட்டும் நூற்றுக்கும் மேல் வகை உண்டு, பலவற்றுக்கும் தனித்தனிச் சுற்று. மகாராஷ்டிரத்தில் கார்வி என்கிறார்கள், அதற்கு எட்டு வருஷம், 2016-லும் 2024-லும் பூத்தது. பார்த்தவுடன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதே.)

இப்போது குருவி. போடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது, உனக்கு நினைவிருக்கும். காலையில் வெயில் ஏறுகிற நேரத்துக்கு அங்கே குருவிகள் மண் குளிக்க வரும். உள்ளங்கை அளவுக்குக் குழி, ஒன்றை ஒட்டி ஒன்று. ஒரு குருவி வயிற்றை அழுத்திப் படுத்து, இறக்கையை அடித்து அடித்துப் புழுதியை முதுகு வரைக்கும் ஏற்றிக்கொள்ளும், பிறகு எழுந்து ஒரு உதறு உதறும், உடனே அடுத்தது வந்து அந்தக் குழியைப் பிடித்துக்கொள்ளும். சண்டையும் நடக்கும். மீட்டர் பெட்டிக்கு மேலே சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில் ஒரு ஜோடி கூடு கட்டியிருக்கிறது. நாம் போடும் நொய்யைப் பெரியவை தின்னும், ஆனால் குஞ்சுக்கு அதைக் கொண்டுபோவதில்லை. கத்தரிச் செடியில் இருந்தும் வேலியோரப் புல்லில் இருந்தும் பச்சைப் புழுவாகப் பொறுக்கிக்கொண்டு போகும். முதல் நாட்களில் குஞ்சு வளர்வது பூச்சியில்தான், தானியத்தில் இல்லை. இது தெரிந்த பிறகு செடிக்கு மருந்தடிப்பதையே விட்டுவிட்டேன்.

பத்துப் பதினான்கு நாள் அடை, இன்னொரு இரண்டு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும், ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று ஈடு எடுக்கும். பிறந்த அடுத்த வருஷமே அந்தக் குஞ்சும் கூடு கட்டும். 2018-இல் விழுந்த ஒரு குறிஞ்சி விதை செடியாகி 2030-இல் பூப்பதற்குள், இந்த மீட்டர் பெட்டிக் குடும்பத்தில் பத்துத் தலைமுறை வந்து போயிருக்கும். அது ஒரே ஒரு முறைக்காக எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறது, இது கிடைக்கிற ஒவ்வொரு மாதத்திலும் ஒரு முயற்சி செய்கிறது, ஒரு கூடு கலைந்தால் அடுத்த கூடு. வாழ்வதற்கு இப்படியும் வழி இருக்கிறது, அப்படியும் வழி இருக்கிறது, இரண்டுமே வெகுகாலமாக நன்றாகத்தான் நடந்திருக்கிறது.

மனிதனோடு உள்ள உறவில்தான் இரண்டும் எதிர் எதிர். நாம் வீடு கட்டி வயல் போட்ட இடமெல்லாம் குருவி பின்னாலேயே வந்தது. 1850-களில் நியூயார்க்கில் கொண்டுபோய் விட்டார்கள், அங்கிருந்து அந்தக் கண்டம் முழுக்கப் பரவிவிட்டது. ஆளில்லாத நடுக்காட்டில் அதைப் பார்க்க முடியாது, ஒரு ஊர் காலியானால் மெல்ல அதுவும் காலி செய்துவிடும். குறிஞ்சிக்கோ ஆயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேலே இருக்கிற அந்தப் புல்வெளிதான் வீடு, நாம் அங்கே ஏறி என்ன செய்தாலும் அதற்கு நஷ்டம்.

சங்கப் புலவர்களுக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. நம் தமிழம்மா வகுப்பில் நெட்டுருப் போட்டோமே, "நிலத்தினும் பெரிதே" என்று தொடங்கும் குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு, அதில் கரிய கொம்புடைய குறிஞ்சியின் பூவைக் கொண்டு தேன் இழைக்கும் மலை வருகிறது. அதே நூலின் 46-ஆம் பாட்டில் வீட்டுக் குருவி. வாடிய ஆம்பல் பூ மாதிரிக் கூம்பிய சிறகு, முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்பது, மன்றத்தில் எருவின் நுண்ணிய தூளில் குடைந்து ஆடுவது, பிறகு வீட்டுக் கூரையின் இறப்பில், அதாவது தாழ்வாரத்தில், குஞ்சுகளோடு போய்த் தங்குவது. பக்கத்து மனையில் தினமும் நடக்கிற அதே மண் குளியல்! மாமலாடன் என்ற புலவர் நின்று பார்த்திருக்கிறார். அடிக்கடி கண்ணில் படுவதால் எழுதத் தகுதியில்லை என்று அவர் நினைக்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நீ கேட்ட கேள்விக்கு என் பதிலும் அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பாட்டில் குருவிக்கு என்னவெல்லாம் கிடைக்கிறது என்று பார்: காயப்போட்ட தானியம், புழுதி, கூரை இறப்பு. உங்கள் அடுக்குமாடியில் இவற்றில் எது இருக்கிறது? தானியம் பாக்கெட்டில் வருகிறது. தரை முழுக்க சிமென்ட் கல். சுவரில் ஒரு விரல் போகிற சந்து கிடையாது, இருந்தாலும் பராமரிப்பு ஆட்கள் வந்து அடைத்துவிடுவார்கள். புல் முளைத்தால் மருந்து, கொசுவுக்குப் புகை, அப்புறம் குஞ்சுக்குப் புழு எங்கிருந்து வரும்? டவர்தான் கொல்கிறது என்பதற்குத் தெளிவான நிரூபணம் இல்லை சாந்தி. எங்கள் தெரு முனையிலும் டவர் நிற்கிறது, அதன் கீழே மளிகைக் கடை வாசலில் குருவியும் மேய்கிறது. டவர் மேல் பழி போட்டால் நாம் செய்ய ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுகிறது, அதனால்தான் அந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை.

குறிஞ்சிக்கும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. மலை உச்சியில் மரம் இல்லாமல் வெறும் புல்லாகக் கிடக்கிறதே என்று வெள்ளைக்காரன் அதைத் தரிசு என்று எழுதி வைத்தான். சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்துதான் மழையைக் குடித்து ஓடைகளை வற்றாமல் வைத்திருக்கின்றன என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. தேயிலை போட்டார்கள், 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே யூகலிப்டஸும் சீகை என்கிற வாட்டில் மரமும் வந்துவிட்டன, சுதந்திரத்துக்குப் பிறகும் தோல் பதனிடப் பட்டைக்கும் ஆலைக்கூழுக்கும் என்று நட்டுக்கொண்டே போனார்கள். பச்சையாகத்தானே இருக்கிறது என்று கீழே இருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். சீகை அடர்ந்த நிழலில் குறிஞ்சி நிற்காது. ஆக, மேலே ஒரு மலையையும் கீழே ஒரு சுவர் இடுக்கையும் நாம் ஒரே கண்ணோடு பார்த்திருக்கிறோம்: சும்மா கிடக்கிறது, எதையாவது போட்டு நிரப்பு. அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் குடியிருக்கிறது என்பது நமக்கு உறைக்கவில்லை. ஒன்று அரிது, ஒன்று சாதாரணம் என்று நீ பிரிக்கிறாய், இரண்டுக்கும் இருப்பது ஒரே வியாதி.

வித்தியாசம் ஒன்று உண்டு, அதுதான் எனக்குக் கவலை. குருவி குறைந்தால், பார்க்கிறவர்கள் இருந்தால், இரண்டொரு வருஷத்தில் தெரிந்துவிடும். குறிஞ்சி குறைந்ததா இல்லையா என்பதை உலகம் பார்ப்பது பூக்கும்போதுதான். 2019-இல் ஒரு சரிவு எரிந்துபோயிருந்தாலோ, ஒரு சாலை வெட்டியிருந்தாலோ, பெரும்பாலான மக்களுக்கு அது 2030-இல்தான் தெரியும். அந்த ஒரு வருஷத்தில் வருகிற கூட்டம் பூவைக் கொத்துக் கொத்தாக ஒடித்துக் காரில் வைத்துக்கொண்டு போவதை 2006-இல் கண்ணால் பார்த்தேன், ஒவ்வொரு கொத்திலும் ஒரு செடி பன்னிரண்டு வருஷம் காத்திருந்து போடவிருந்த விதை போகிறது. அந்த வருஷம்தான் வட்டவடை, கொட்டாக்கம்பூர் பக்கம் 3,200 ஹெக்டேரில் குறிஞ்சிமலை சரணாலயம் என்று கேரளத்தில் அறிவித்தார்கள். எல்லை எது என்ற தகராறு அப்புறம் பல வருஷம் இழுத்தது. 2018-இல் ஆகஸ்ட் மழையில் மூணாறு ரோடுகள் சரிந்து, நீயும் பதிவு செய்த டிக்கெட்டை ரத்து செய்தாயே, அந்த மழையில் நனைந்து அழுகிய பூவும் நிறைய. 2024-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நீலக்குறிஞ்சியை அழிய வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆகவே குறிஞ்சியைக் காப்பாற்ற வேண்டும் என்று நீ சொன்னதில் எனக்கு ஒரு துளியும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் "அது நிறைய இருக்கிறது, அதற்கென்ன" என்று நினைக்கும்போது எனக்கு அமெரிக்காவின் பயணிப் புறா நினைவுக்கு வருகிறது. நூறு கோடிக் கணக்கில் இருந்த பறவை அது. கூட்டமாகப் பறந்தால் மணிக்கணக்கில் வானம் இருண்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். காட்டை வெட்டினார்கள், கூடு கட்டும் இடத்துக்கே போய்ச் சுட்டு ரயிலில் ஏற்றினார்கள். கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் செத்தது, மார்த்தா என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கும் குறிஞ்சியின் சூத்திரம்தான்: பெருங்கூட்டமாக ஒரே இடத்தில் குஞ்சு பொரித்தால் எதிரி எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். மிச்சம் விடாத எதிரி வந்தபோது கூட்டம் உதவவில்லை. இங்கிலாந்தில் சிட்டுக்குருவியே 2002-இல் அவர்கள் நாட்டுச் சிவப்புப் பட்டியலுக்குப் போனது. அங்கேயும் அதுவரைக்கும் யாரும் திரும்பிப் பார்க்காத பறவைதான்.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. நம் ஊர் நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. பறவை பார்ப்பவர்கள் குறித்து வைத்த கணக்கை எல்லாம் சேர்த்து 2020-இல் ஒரு அறிக்கை வந்தது, அதன்படி இந்தியா முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி இருபத்தைந்து வருஷமாக ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைகிறது, சென்னையும் அதில் ஒன்று. அதாவது உன் அனுபவமும் சரி, என் மீட்டர் பெட்டியும் சரி. இந்த விவரம் எப்படித் தெரிந்தது? யாரோ காலையில் எழுந்து, காகம் இத்தனை, மைனா இத்தனை, குருவி இத்தனை என்று சலிக்காமல் எழுதியதால்தான். அரிய பறவையைத் தேடிப் போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, பழகிய பறவையை எண்ணுகிறவர்களை எனக்கு அதைவிடப் பிடிக்கிறது.

அதனால் உனக்கு இரண்டு வேலை கொடுக்கிறேன். ஒன்று, உங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசி, உங்கள் வளாகத்தின் பின்பக்கம், அந்த ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், ஒரு துண்டு நிலத்தைச் சிமென்ட் போடாமல் விடச் சொல். செம்பருத்தியும் நித்தியகல்யாணியும் வேண்டாம், முள் இருந்தாலும் பரவாயில்லை, அடர்ந்த வேலிச்செடியாக வை, மருந்து அடிக்கவிடாதே. அதற்குப் பிறகுதான் பெட்டி. முதலில் பெட்டியை மாட்டிவிட்டுக் குருவி வரவில்லை என்று சொல்கிறார்கள், தின்னப் புழு இல்லாத இடத்தில் குடிவந்து அது என்ன செய்யும்? பெட்டி வைத்தால் ஓட்டை 32 மில்லிமீட்டருக்கு மேல் போகவேண்டாம், மைனா நுழைந்துவிடும். மதிய வெயில் படாத பக்கம், பூனை எட்டாத உயரம், மின்விசிறிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அருகில் எங்காவது இரண்டு குருவி மிச்சம் இருந்தால் வந்து பார்க்கும், ஒன்றுகூட இல்லாவிட்டால் நாள் ஆகும், அலுத்துப் போகாதே.

இரண்டாவது, பொங்கலுக்கு இங்கே வா. அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஒரு கால் மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்ததைக் குறித்து அனுப்பினால் போதும். முட்டிவலிக்காரிக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. திண்ணையில் நாற்காலி போட்டுத் தருகிறேன். முடிந்தால் மறுநாள் போடிமெட்டு வழியாக மேலே போய் வரலாம். பூ இருக்காது, 2018-இல் விழுந்த விதையில் வந்த செடிகள் இருக்கும், அவற்றைப் பார்த்துவிட்டு வருவோம். 2030-க்கு ஓட்டலில் இடம் கிடைக்குமா என்று இப்போதே கேட்டிருந்தாயே, அதற்கு முன்னால் செடியை அடையாளம் தெரிந்துகொள், அப்போதுதான் பூக்கும் வருஷத்தில் எங்கே காலை வைக்கக்கூடாது என்று உனக்கே தெரியும்.

உன் தம்பி மகன் கல்யாணத் தேதி முடிவாகிவிட்டதா? தை மாதம் என்றால் கணக்கெடுப்போடு இடிக்கும், அதைப் பார்த்து எழுது. குழந்தைக்குப் பெயர் இன்னும் முடிவு செய்யவில்லை, மாப்பிள்ளை வீட்டில் ஒரு பட்டியலே அனுப்பியிருக்கிறார்கள். நீயும் ஒன்று யோசித்து அனுப்பு. அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கல்யாணி